உம்மாவின் மீஸான் கல்

சிலாவத்துறைக் கரையில் இன்று காலில் இடறிய, பவளப்பாறை உடைந்த முருகைக்கல்லை எடுத்தேன். உப்பும் பாசியுமாக மணத்தது, எல்லாப் பக்கமும் மழுங்கியிருந்தது. எங்கள் மையவாடியில், மௌத்தானவர்களை அடக்கிய கபுறுகளின் தலைமாட்டில் அடையாளத்துக்கு நட்டிருந்த மீஸான்களும் இதே கல்தான். மாரிதோறும் கடல் செம்மண் கரையை அரித்து மையவாடிக்குள் ஏற ஏற, வாப்பா வந்து, உம்மாவின் மீஸானை மட்டும் பிடுங்கிவந்து உள்ளே தள்ளி நடுவார். உப்புக்காற்றில் பொருக்குப் பொருக்காய் உதிரும் அந்தக் கல்லின் முன் அவர் யாசீன் ஓத, கரை பொதக்கென்று சரியும் சத்தம் இடையிடையே கேட்கும்.

“உம்மா இன்னும் அந்தக் கல்லுக்குக் கீழயா வாப்பா இருக்கிறா?” என்று வேலிக்கு வெளியே நின்று கேட்பேன்.

“ஓம் மகள், அங்கதான்,” என்பார், கடலைப் பாராமல்.

மையவாடி இருந்த இடத்தில் இப்போது அலைதான். கடற்றொழில் செய்த வாப்பா, உம்மாவின் கபுறைக் கடல் கொண்டுபோக முதன்முதல் கல்லை இடம் மாற்றிய அந்த மாரியிலிருந்து மௌத்தாகும்வரை மீன் சாப்பிடவேயில்லை.