எடையைச் சத்தமாகச் சொல்லுங்கள்

போன வியாழக்கிழமை மாலை நடந்தவை, வரிசையாக:

1. வேலை முடிந்து சேலையூரில் பேருந்தை விட்டு இறங்கினேன்.
2. கேம்ப் ரோட்டு ஓரம் ஃப்ரைடு ரைஸ் போடும் தள்ளுவண்டியில் வினிகர் பாட்டில் கைதவறி விழுந்து உடைந்தது.
3. நின்றிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன்.
4. "தள்ளிக்கோங்க மேடம், கீழ கண்ணாடி கீது" என்றார் வண்டிக்காரர்.
5. எனக்கு அழுகை வந்தது. வினிகர் கண்ணில் பட்டுவிட்டதாக நினைத்து அவர் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். கழுவிக்கொண்டேன்.

இப்படி எண் போட்டு எழுதுவது தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். எதையும் வரிசைப்படி செய்து, செய்ததற்கு டிக் போடும் வேலை என்னுடையது. வீட்டில் சாம்பார் வைத்தால்கூட நான் அப்படித்தான் வைக்கிறேன் என்று அம்மா குறைபட்டுக்கொள்வார். நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இயந்திரத்தை இயக்குகிறவள். படித்து முடித்ததும் முதலில் சேர்ந்தது சேலையூரில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன நிலையத்தில். கீழே ஃபர்னிச்சர் கடை, மாடியில் நாங்கள். ஒருவருக்குப் போட்ட வடிகட்டியைக் கழுவி, அவருக்கே அடுத்த முறையும் போடுவோம். கழுவுகிற மருந்துக்கு அச்சு அசல் வினிகர் வாசனை. காலையில் படியேறும்போதே மூக்கைத் துளைக்கும். சாயங்காலம் தலைமுடியில் ஏறி வீட்டுக்கும் கூடவே வரும். ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "ஊறுகா கம்பெனியிலயா வேலை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டயாலிசிஸை விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

அங்கே கூடம் ஒன்றுதான். இரண்டு வரிசையாகக் கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்கு இடம். வாசலருகே ஒரு எடை மெஷின், வட்டத் தட்டில் முள் ஓடுவது. வருகிறவர் முதலில் அதில் ஏற வேண்டும். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த தண்ணீர் எங்கேயும் போகாது. காலில் தேங்கும், முகத்தில் தேங்கும், கடைசியில் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். போன முறை அனுப்பிய எடைக்கும் இன்றைக்கு வந்திருக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் இடையில் குடித்த தண்ணீர். அதைத்தான் மெஷின் இறக்க வேண்டும்.

காலை ஷிப்டில் நானும் இன்னொரு பெண்ணும் மட்டும். இரண்டு கையிலும் ட்யூபைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் கடைசியில் நிற்கிற நான் ஒவ்வொருவருக்காகவும் வாசலுக்கு ஓட முடியாது. அதனால் நான் சேர்வதற்கு முன்பே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஏறுகிறவர் முள்ளைத் தானே பார்த்துச் சத்தமாகச் சொல்வார். நான் இருந்த இடத்திலிருந்தே குறித்துக்கொள்வேன். 'எடையைச் சத்தமாகச் சொல்லுங்கள்' என்று சுவரில் ஒட்டியும் இருந்தது.

சத்தமாகச் சொன்னால் என் காதில் மட்டுமா விழும்? அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய சரியான எடையும் மனப்பாடம். ஒரு நொடியில் கழித்துப் பார்த்துவிடுவார்கள். உடனே விசாரணை தொடங்கும்.

விசாரணை நடத்துகிறவர் ஸ்டெல்லா அக்கா. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மாடம்பாக்கம் பக்கம் வீடு, நோய் வருவதற்கு முன்பு துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் இஸ்திரி போட்டவர். அந்தச் சூட்டிலேயே பேசவும் பழகியிருந்தார். நிரந்தரக் குற்றவாளி தனபால் அண்ணன். கூடுவாஞ்சேரிக்காரர். பரம்பரையாக நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, பிறகு மற்றவர்களுடைய நிலத்தையும் விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு விடிகாலை மின்சார ரயிலில் வருவார்.

"எழுவத்தி மூணு எண்ணூறு!"

"எழுவதுல போன ஆளு" என்று கட்டிலிலிருந்து குரல் வரும். "இன்னாண்ணா, ஏரிய ப்ளாட் போட்டு வித்துட்டு அதுல இருந்த தண்ணிய நீயே குடிச்சிட்டியா?"

"ஏரி இல்லம்மா, பட்டா நெலம்."

"பட்டா தண்ணின்னா வெயிட்டு ஏறாதா?"

கூடம் சிரிக்கும். தனபால் அண்ணனும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். நான் ஊசி போடுவேன். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இதயம் பலவீனம். இன்னொரு முறை நுரையீரலில் தண்ணீர் கோத்தால் தாங்காது என்று டாக்டர் அவரிடமே நேராகச் சொல்லியிருந்தார். அடுத்த டயாலிசிஸ் வரை தாகத்தை அடக்க முடியுமா என்பதுதான் அவருடைய பிழைப்பு. அது அவரால் தனியாக முடிகிற காரியமாக இல்லை.

தாகத்தைப் பற்றிச் சொன்னால் தண்ணீர்ப் பேச்சையும் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கக் கூடாதவர்கள் நான்கு மணி நேரமும் பேசுவது தண்ணீரைப் பற்றித்தான். சேலையூர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. கேன் தண்ணீரில் ருசியே இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கிணறு, தேங்காய்த் தண்ணீர் தோற்கும். சங்கீதம் கேட்கிற முகத்தோடு மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். டயாலிசிஸ் மெஷினுக்கும் ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். ஒரு கோடையில் டேங்கர் லாரி வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீருக்கு ஏங்குகிற அத்தனை பேரும் ஜன்னலில் நின்று தண்ணீர் லாரிக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனபால் அண்ணன் யார் யாருக்கோ போன் செய்து, தெரிந்தவர் கிணற்றிலிருந்து ஒரு லாரியை வரவழைத்தார். "பாவம், வித்த ஏரில கொஞ்சத்த திருப்பிக் குடுத்துட்டாரு" என்று ஸ்டெல்லா அக்கா தீர்ப்பு எழுதினார்.

தனபால் அண்ணன் ஏமாற்றவும் பார்ப்பார். பெல்ட், மோதிரம், செல்போன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறுவார். அதுவும் போதாவிட்டால் முள் காட்டுவதைக் குறைத்துச் சொல்வார். ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, எழுதாத. பொய் சொல்றாரு, முள்ளு எழுவத்தி நாலாண்ட நிக்குது" என்று கத்துவார். பாப்பா என்பது நான். சிஸ்டர் என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன் என்று தினமும் திருத்தினேன். அலுத்துப்போய்ப் பாப்பாவாக்கிவிட்டார்கள்.

"எதுக்குண்ணா இவ்ளோ குடிக்கிற?" என்று ஒருநாள் ஸ்டெல்லா அக்கா சிரிக்காமல் கேட்டார்.

"நான் எங்க குடிக்கறேன், குடிக்க வெக்கறாங்க. நெலம் காட்டப் போனா எளநி, பேரம் பேசினா டீ, பத்திரம் பதிஞ்சா கூல்டிரிங்ஸ். வேணாம்னா பேச்சு முறிஞ்சுதுன்னு அர்த்தம். ஒடம்பு சரியில்லன்னும் சொல்ல முடியாது. சாகப்போறவன நம்பி எவன் அட்வான்ஸ் குடுப்பான்?"

அக்காவே ஒரு வழி சொன்னார். "வெரதம்னு சொல்லு. உங்க சிங்கப்பெருமாளு கோவில் நரசிம்மருக்கு நேந்துகினு கீறேன், வெளியில பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு சொல்லு. எவன் கட்டாயப்படுத்துவான்?"

"நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு. எங்க பெருமாளுக்கு நீ வெரதம் சொல்றியா?"

"உன் நுரையீரலு எந்த சாமி கும்புடுதுன்னு அத்தக் கேளு. சொம்மா சொல்லுண்ணா."

சொன்னார். பலித்தது. தொழிலில் மரியாதைகூட ஏறியதாகச் சொல்லிக்கொண்டார். பல மாதங்களுக்கு அவருடைய எண்ணைக் கேட்டு யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. "எழுவத்தி ஒண்ணு அறநூறு" என்று அவர் சொன்ன ஒரு காலையில் கூடமே கைதட்டியது. ஊசி போட்டிருந்தவர்கள் ஒரு கையால் தொடையைத் தட்டினார்கள்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு அந்தப் பழைய கூடத்தின் மேல் ஆசை வந்துவிடும். வரக் கூடாது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பது தெரிந்தது. முன்பு அவர்களுக்கு அது கிடையாது. நெருக்கமான கட்டில்கள், ஓடி ஓடிச் செய்த வேலை, ஒரே தொட்டியில் கழுவியது; எங்கே பரவியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூடத்தில்தான் பரவியது. அவர்களில் ஒருவர் ஸ்டெல்லா அக்கா. செய்தியைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாத்தேக்கு பூந்துடுச்சா?" தனபால் அண்ணனுக்கு இல்லை என்றேன். "தப்பிச்சாரு" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறக்கட்டளை அந்த இடத்தை மூடியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் புது நிலையம் வந்தது. நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன், இப்போதும் படுகிறேன். வடிகட்டி ஒருமுறைதான், அப்புறம் குப்பைக்கு. முழங்கையால் திறக்கும் குழாய். கட்டில்களுக்கு நடுவே தாராளமான இடம், சுற்றிலும் திரை. தொற்று உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின், தனி நாட்கள். எடை பார்க்க ஒரு சின்ன அறை. ஏறி நின்றால் எண் நேராக என் கணினிக்கு வந்துவிடும். யாரும் எதையும் சத்தமாகச் சொல்ல வேண்டாம். ஒருவருடைய உடம்பைப் பற்றிய விவரம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. இவற்றில் ஒன்றைக்கூடத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது.

தனபால் அண்ணன் செவ்வாய், வியாழன், சனி. ஸ்டெல்லா அக்கா திங்கள், புதன், வெள்ளி, தனி அறையில். ஒரே கட்டடத்துக்கு வந்தும் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் எடை ஏறத் தொடங்கியது. கணினியில் அவர் பெயர் சிவப்பானது. திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினேன். படம் போட்ட துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். "சரிங்க மேடம்" என்றார். புது இடத்தில் நான் மேடமாகியிருந்தேன். போகும்போது ஒருநாள் மட்டும், "இங்க யாரும் திட்ட மாட்டேங்கறாங்க பாப்பா" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். அவரும் அக்கறையுள்ளவர், நோயாளிகளுக்கு மாதம் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். ஆலோசகர் ஒருவர் வந்து திரையில் படம் காட்டி விளக்கினார். எல்லோரும் அடக்கமாகக் கேட்டார்கள். முடிந்ததும் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள்.

"அண்ணாத்தே வெயிட்டு எவ்ளோ?" என்று ஸ்டெல்லா அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"சொல்லக் கூடாதுக்கா."

"பூட்டி வெக்கறதுக்கு அது இன்னா நகையா? போன் பண்ணா ரெண்டு கிலோதாம்மான்றாரு. அந்தாளு வாயில வர்றது என்னிக்கி நெசமாயிருந்துச்சு? முள்ளப் பாத்தாத்தான தெரியும்."

"அவருகிட்ட நான் பேசறேன்கா."

"நீ பேசுவ. நீ பேசினா யாருக்குக் கோவம் வரும்? யாருக்கு வெக்கம் வரும்?"

வெட்கத்தை மருந்தாக எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் கூடத்தில் வெட்கப்பட்டே வராமல் நின்றுபோனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எனக்கு நினைவே இல்லை என்பதும் அக்காவின் கேள்விக்கு ஒரு பதில்தான்.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருப்பதுதான் வாரத்தின் நீளமான இடைவெளி. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு புது லே-அவுட்டுக்குப் பூமி பூஜை. பூஜை போட்ட இடத்திலேயே பந்தல், மோர், பானகம். தனபால் அண்ணனுடைய பெருமாள் பெயரைச் சொல்லி அவர் கையிலேயே பானகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். விரதம் என்று எப்படிச் சொல்வார்? இதைப் பிறகு அவர் மனைவி சொன்னார். திங்கட்கிழமை காலை மூச்சுத் திணறி, வண்டியில் தாம்பரம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

போன் வந்தபோது நான் தனி அறையில் ஸ்டெல்லா அக்காவுக்கு மெஷினை இணைத்துக்கொண்டிருந்தேன். பேசிவிட்டுத் திரும்பினேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "அண்ணாத்தேவா?" என்றார்.

தலையசைத்தேன்.

"சனிக்கெழம எவ்ளோ இருந்தாரு?"

ஒருவர் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்ற விதி இறந்தவர்களுக்கும் பொருந்தும். ஆனாலும் சொன்னேன். உதடு அசைய அசைய மனதுக்குள் கழித்துப் பார்த்தார். பிறகு ட்யூப் இல்லாத கையால் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

இன்றைய நிலவரம் இது. சேலையூர் மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. புது நிலையத்துக்கு வந்த பிறகு அந்தக் கிருமி புதிதாக யாருக்கும் பரவவில்லை. ஸ்டெல்லா அக்காவுக்கு மாத்திரையிலேயே தொற்று குணமாகி, பொதுக் கூடத்தில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்திருக்கிறோம். சுற்றிலும் திரை இருக்கிறது. வருகிறார், படுக்கிறார், முடிந்ததும் எழுந்து போகிறார். போன மாதத்திலிருந்து அவருடைய எடை ஏறிக்கொண்டிருக்கிறது.