சவரிமுத்துவின் மூன்று டப்பாக்கள்

மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். எடை போடும் ஆள் வந்து, "அந்தோணி அண்ணே, சவரிமுத்து பூட்டாருங்க" என்றான். சில நாளாகக் காய்ச்சலில் கிடந்தவர்தான். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி என் மனைவி மதலேன் யாரைக் காட்டி என்னைக் குத்துவாள் என்ற நினைப்புதான் வந்தது. அவரை அறிந்த நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

இருவரும் ஒரே மண்டியில் குமாஸ்தா. ஒரே சம்பளம், ஆளுக்கு மூன்று பிள்ளைகள், உப்பளம் பகுதியில் ஒரு குறுகிய சந்தில் எதிரெதிர் வீடு. அவர் மட்டும் கடன்படாமல் வாழ்ந்தால் எனக்கு வயிறு எரியாதா? சம்பள நாளன்று மூன்று தகர டப்பாக்களைத் திறப்பார். நூற்றுக்கு ஐம்பது வயிற்றுக்கு, முப்பது வாடகைக்கும் துணிமணிக்கும், இருபது தொடக்கூடாதது. "பிரிச்சிப் போட்டுட்டா அப்பறம் யோசிக்கவே வேணாம்பா" என்பார்.

நானும் ஒருமுறை பிரித்துப் போட்டேன். மாதம் பாதி தாண்டுமுன் வயிற்று டப்பா காலி. பக்கத்து டப்பாவில் கை வைத்தேன். பிறகு மூன்றிலும் பிள்ளைகள் கோலிக்குண்டு போட்டு வைத்தார்கள். "அவரு பொஞ்சாதி எப்பனா கொற சொல்லிருக்காளா?" என்று கேட்டாள் மதலேன்.

அந்த வீட்டின் பக்தி வேறு. தவக்காலம் இல்லாவிட்டாலும் மாசக் கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருசந்தி பிடிப்பார்கள். ஒரு வேளைச் சாப்பாடுதான். எங்கள் வீட்டில் அந்த நாட்களில்தான் வைத்திக்குப்பத்து மீன்காரியிடம் கடன் சொல்லிக் குழம்பு கொதிக்கும். உடனே சவரிமுத்து எதிர் ஜன்னலைச் சாத்திவிடுவார். கடன்காரன் வீட்டுக் காற்றுகூட ஆகாதோ என்று பொருமுவேன்.

அடக்கம் தடபுடலாக நடந்தது. தேக்குப் பெட்டி, பாண்டு வாத்தியம், பாட்டுப் பூசை, எல்லாம் மூன்றாவது டப்பாவின் தயவு. மண்டி முதலாளி முசேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கல்லறையிலிருந்து திரும்பியதும், அவர் மனைவி லூர்துவுக்கு மதலேன் ஆறுதல் சொன்னாள். "எத்தினி ஒருசந்தி புடிச்ச மனுஷன். மோட்சத்துக்குத்தான் போயிருப்பாரு."

"அது ஒருசந்தி இல்லக்கா. அரிசிக்குக் காசு இருக்காது. புள்ளைங்களுக்குப் போட்டுட்டு நாங்க தண்ணி குடிச்சிட்டுப் படுத்துப்போம். மத்த டப்பாவத் தொட வுடமாட்டாரு."

அப்படியானால் அந்தக் கணக்கு அவருக்கும் உதைத்திருக்கிறது. ஜெயித்துவிட்டவன்போல மதலேனைப் பார்த்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பட்டினி கெடந்தும் சொன்ன சொல்ல மாத்தலயே" என்றாள். செத்தும் அவர்தான் ஜெயித்தார்.

லூர்து என் பக்கம் திரும்பினாள். "உங்க வூட்டுக் கொழம்பு வாசன வந்தா ஜன்னல சாத்திடுவாருண்ணே. 'அந்தோணி குடுத்து வச்சவன், அவன் புள்ளைங்க இன்னிக்கும் மீன் துன்னுதுங்க'ன்னு சொல்லுவாரு."



அவருடைய டப்பாக்கள் எனக்கு ஒத்துவராது. அவர் சாத்திய அந்த ஜன்னல்தான் என்னோடு இருக்கிறது. நேற்று மீன் வாங்கினேன், கடனுக்குத்தான். லூர்து ஜன்னலைத் திறந்தாள். குழம்பில் சரிபாதியை அதன் வழியாகக் கொடுத்தேன்.