புண் இல்லாத முதுகு

அந்தத் தெருவில் அலாரம் என்றால் கடிகாரம் நினைவுக்கு வராது. இடுப்பில் பட்டையும் தோளில் துணிப்பையுமாக விரைந்து நடக்கும் ஒரு பெண்தான் நினைவுக்கு வருவாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிச் சென்று பார்த்துக்கொள்வது அவள் வேலை. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை நோயாளியைப் புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். அதற்காக அவள் பையில் வைத்திருந்த சிறு கடிகாரம் ஒருநாள் பஸ்ஸில் அலறியது. அன்றே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இருபத்தோர் ஆண்டுகளில் ஒருவர் முதுகிலும் அவள் புண் விழ விட்டதில்லை. அவளுடைய முதுகு மட்டும் மூன்றாம் ஆண்டிலேயே போய்விட்டது. வைத்தியச் செலவு கேட்டு, அவளை வேலைக்கு அனுப்பும் நல அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர் கோப்பைப் புரட்டினார்.

"நீங்க ஊழியர் இல்லம்மா, தொண்டர். உங்களுக்குச் சம்பளமே கிடையாது, ஊக்கத்தொகைதான்."

"தொண்டருக்கு முதுகு இருக்காதா சார்?"

எழுத்தர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மனு அந்தச் சிரிப்போடு முடிந்தது.

ஆறு ஆண்டுகளாக அவள் பார்த்துவந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு, வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது. அவர் மகள் காலை எட்டு மணிக்கு அவரைப் புரட்டிவிட்டுத் தையல் ஆலைக்குப் போவாள். ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். இடையில் பத்திலிருந்து நான்குவரை அலாரம். அந்த ஆறு மணி நேரத்தில்தான் அவர் முதுகும் அவள் அடுப்பும் பிழைத்திருந்தன.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம், பாத்துத் தூக்கு அலாரம்" என்பார் அவர். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே!"

"முதல்ல நீங்க டிக்கெட் எடுங்க கண்டக்டரே" என்றபடி அவள் புரட்டுவாள்.

ஒருநாள் நல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: உதவி நேரத்தை நிர்ணயிக்க மதிப்பீட்டு அலுவலர் வருகிறார். குறை கண்டால் நேரத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று இரு பெண்களும் அஞ்சினர். கண்டக்டருக்கோ பழைய பயம். "செக்கிங் வர்றான்னா பை சரியா இருக்கணும். ஒரு டிக்கெட் குறையக் கூடாது" என்றார்.

இரண்டு வாரம் அலாரம் அவருக்கு இடக்கையால் கரண்டி பிடிக்கப் பழக்கினாள். அலுவலர் வரும் நாளில் முகம் மழித்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை செருகி உட்கார வைத்தாள்.

"தானா உக்காருவாரா?" என்று அலுவலர் கேட்டார்.

அலாரம் வாய் திறக்குமுன் கண்டக்டரே முந்திக்கொண்டார். "உக்காந்துதானே சார் இருக்கேன்!"

கஞ்சியை ஐந்து கரண்டி சிந்தாமல் தானே குடித்தும் காட்டினார். பிறகு அலுவலர் அவர் முதுகைப் பார்த்தார்.

"ஆறு வருஷமா படுக்கையில இருக்கிறவருக்கு ஒரு புண்கூட இல்லையே! ரொம்ப நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா."

இருபத்தோர் ஆண்டுகளில் அவளை யாரும் பாராட்டியது அதுவே முதல்முறை. அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. 'தானே அமர்கிறார். தானே உண்கிறார். படுக்கைப்புண் இல்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேர உதவி போதுமானது.'

மகள் அதை இருமுறை படித்தாள். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டோமேக்கா!"

அலாரம் அலுவலகத்துக்கு ஓடினாள். அதே எழுத்தர். "புண் இருந்தா கூடுதல் நேரம் கேக்கலாம்மா."

"நான் புரட்டுறதாலதானே சார் புண் இல்ல?"

"அதை எழுத இந்தப் படிவத்துல இடமில்லையே."

ஒரு மணி நேர ஊக்கத்தொகையில் வயிறு நிறையாது. அவள் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். கண்டக்டர் வீட்டுக்குப் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குக் கிளம்புவாள். அதன்பிறகு மகள் வரும்வரை ஏழு மணி நேரம் அவர் கிடந்தபடி கிடப்பார். முதல் சில நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து புரட்டிவிட்டுப் போனாள். "இனி ஒருதடவை வாசலைத் தாண்டினா அப்படியே போயிடு" என்றார் ஓட்டல்காரர். அதோடு அதுவும் நின்றது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை, உடம்பு துடைக்கையில், முதுகெலும்பு முடியும் இடத்தில் நாணயமளவு சிவப்பைக் கண்டாள். விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோலாக இருந்தால் ஒரு நொடி வெளுத்துவிட்டுச் சிவக்கும். இது வெளுக்கவில்லை, உள்ளே புண் தொடங்கிவிட்டது.

"என்ன அலாரம், சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல கண்டக்டரே."

அவருக்குத் தெரியாமல் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, எழுத்தரை அழைத்தாள். இனி நேரம் கிடைத்துவிடும் என்று ஒரு நொடி தன் நெஞ்சு குளிர்ந்ததை உணர்ந்து அவளுக்கே உடல் கூசியது.

"படம் பாத்தேன்மா. தோல் கிழியலையே. கிழிஞ்சாத்தான் புண்ணுன்னு கணக்கு. அப்ப அனுப்புங்க, பாக்கலாம்."

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையணை முட்டுக்கொடுத்தாள். அரைமணியில் அது நழுவிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பதினொன்று அடித்ததும் கிளம்பினாள்.

ஒரு மணிக்கு ஓட்டலின் பின்கட்டில் ஆணியில் தொங்கிய அவள் பைக்குள் கடிகாரம் அலறியது.

"யாருது அது? அணைச்சுத் தொலை!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் இரு கைகளும் முழங்கைவரை சோப்பு நுரையில் இருந்தன. கடிகாரம் தானாக ஓயும்வரை அடித்தது.