மூன்று சாண் சீர்

கிளாரன்ஸின் தாத்தா தங்கவயல் சுரங்கத்துக்குள்ளே கல் வண்டி தள்ளினார். அப்பாவும் தள்ளினார். சின்னத் தாத்தா வழியிலும் தள்ளாதவர் ஒருவர் பாக்கியில்லை. கிளாரன்ஸ் தள்ளியதெல்லாம் ஆபீஸ் நாற்காலி மட்டும்தான். ஆனாலும் சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் அவனுக்குள்ளே ஒரு நிபுணன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

தங்கை லீனாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். போன சீரின் கதை அவ்வளவு நன்றாயில்லை. கல்யாணத்துக்கு அவன் கொடுத்த பீரோவின் கதவு மூடாது. லீனாவின் மாமியார் பிரிஜெட், வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தக் கதவைத்தான் ஆட்டிக் காட்டுவாள். லீனா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்தத் தடவை அந்த அம்மாள் வாயை அடைத்தே தீருவது என்று தன் ஆஸ்டின் டவுன் வீட்டில் உட்கார்ந்தபடி சபதம் போட்டான் கிளாரன்ஸ். தொட்டில் வேண்டாம், கொலுசு வேண்டாம். குழந்தையை வைத்துத் தள்ளுகிற ஸ்ட்ரோலர்தான்.

லீனா இருப்பது ஈஜிபுராவில், ஒரு சந்துக்குள்ளே கடைசி வீடு. போனில் கேட்டான்.

"ஏன்டி, உங்க சந்து எவ்ளோ அகலம்?"

லீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்துக்கு வந்து கையை விரித்து அளந்தாள். "மூணு சாண் இருக்கும்ண்ணா."

கடையில் கிளாரன்ஸ் சக்கரத்தை உதைத்தான், பிரேக்கை மிதித்தான், சீட்டை இரண்டு கையாலும் அமுக்கினான்.

"பேபிக்கு எத்தன மாசம் சார்?" என்றாள் விற்கிற பெண்.

"அத விடும்மா. ரோட்டுப் பள்ளத்துல எறங்கி ஏறுமா?"

கடையிலேயே தடித்த வண்டியாகப் பார்த்து எடுத்தான். குழந்தை பால் குடிக்கிற வயசு. வண்டியில் காபி கப் வைக்க இடம் இருந்தது. அகலத்தைச் சாண் போட்டான்.

"சார், அளவு அட்டையிலயே போட்டிருக்கு."

"சென்டிமீட்டர் எல்லாம் உங்களுக்கும்மா. எங்க வம்சத்துக்குக் கைதான் அளவு."

மூன்று சாணுக்கு ஒரு விரல் குறைவாகவே இருந்தது. அவன் கை வம்சத்துக் கைதான், முறம் மாதிரி. லீனாவின் கை அவள் அம்மா கை, வெற்றிலை மாதிரி. அது அவன் நினைவுக்கு வரவில்லை.

ஞானஸ்நானத்தன்று காலையில் வண்டி சந்து வாயில் வந்து நின்றது. நேராகத் தள்ளினான், முட்டியது. சாய்த்தான், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. மடக்கிப் பார்க்கலாமென்றால் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. லீனாவின் புருஷன் டேரில் பின்னாலிருந்து, "ரிவர்ஸ்ல ட்ரை பண்ணுங்க மச்சான்" என்றான். அதையும் செய்தான்.

பட்டுப்புடவையில் வந்து நின்றாள் பிரிஜெட். அக்கம்பக்கம் எல்லாம் கூடட்டும் என்று கொஞ்சம் பொறுத்திருந்தாள்.

"என்னப்பா கிளாரன்ஸ், உங்க தங்கவயல் சீரே இப்டித்தானா? ஒண்ணு மூடாது, ஒண்ணு நொழையாது."

சந்தே சிரித்தது. கிளாரன்ஸுக்கு வண்டியைவிடச் சின்னதாகிவிட வேண்டும் போலிருந்தது.

லீனா குழந்தையோடு வந்தாள். குழந்தையை வண்டியில் வைத்து வாரை மாட்டினாள்.

"வண்டி சரியாத்தான் இருக்கு அத்த. வீடுதான் பத்தல." பிறகு புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, இது நொழையுற மாதிரி ஒரு வீடு பாருங்களேன். நாம மூணு பேருக்கு."

டேரில், "பாக்கலாம்" என்றான். அவன் யோசிக்காமல் சொன்னதுதான் பிரிஜெட்டைத் தாக்கியது. கோயில் போய்ச் சேரும்வரை அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை.

கிளாரன்ஸ் இன்றைக்கும் ஆஸ்டின் டவுனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "சாமான் பாத்து எடுக்கணும்ப்பா. ஒரே வண்டி, அந்தம்மா வாய் மூடிருச்சு."