பாதி முகத்தோடு பேசியவள்

அந்த மனநல ஆலோசகருக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரவே வராது. ஆனால் சும்மா உட்கார்வதுதான் அவள் பிழைப்பு. மனம் நொந்து வருகிறவர்கள் வாயைத் திறக்கும்வரை இவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். உதட்டோரம் சின்னச் சிரிப்போடு காத்திருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பேசவே தொடங்குவார்கள். யார் என்ன சொன்னாலும் சரி, அது பெரிய வேலைதான்.

காய்ச்சல் பரவிய வருஷம், ஆஸ்பத்திரியில் எல்லாரும் முகக்கவசம் போடவேண்டும் என்றார்கள். போட்டுக்கொண்டாள். பேசாமல் காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. கவசத்துக்கு உள்ளே அதே சிரிப்பு. பார்க்கத்தான் ஆளில்லை.

லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் அப்போது அவளிடம் வந்துகொண்டிருந்தார். கூடவே வேலை செய்த சொந்தத் தம்பி, லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனான். அதிலிருந்து இவருக்குத் தூக்கம் போச்சு, வேலையும் போச்சு. பல வாரம் மழை, பஸ், முதுகுவலி என்று சுற்றிச் சுற்றிப் பேசியவர், ஒருநாள் தம்பி விழுந்த கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். அப்போது கவசத்துக்கு மேலே அவர் கண் இடுங்கியது, கன்னம் மேலேறியது, ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்தது. பாரம் இறங்கிய சிரிப்பு என்று இவள் நினைத்துவிட்டாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் லேசா இருக்கீங்க போல" என்றாள்.

அவர் எழுந்து போய்விட்டார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்; அதுதான் இவளைக் குடைந்தது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்த மனுஷன் இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டாரோ என்று இவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள்.

"ஏம்மா, தரை தேஞ்சுடப் போகுது. உக்காரேன்" என்றார் கணவர்.

"உக்காந்தா மட்டும் அடங்கிடுமா?" என்றவள், சட்டென்று கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். "ஏங்க, நான் இப்ப என்ன பண்றேன்?"

"சிரிக்கிற."

"இல்ல, அழறேன். இப்ப?"

"இப்பவும் சிரிப்புத்தான். என்னைப் பாத்தா உனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வருதோ என்னமோ!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கவசத்தைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

வராதவர்களைத் துரத்திப் போன் செய்வது அங்கே வழக்கமில்லை. மறுநாள் காலையில் இவள் செய்தாள்.

"அன்னிக்கு நீங்க அழுதீங்க. நான் சிரிப்புன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"நீங்க சிரிக்கிறீங்கன்னுதான் மேடம் நானும் நெனச்சேன். நான் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை இல்ல. கண்ணை மட்டும் சுருக்கிக்கிட்டே இருந்தீங்க."

"ஐயோ, மூச்சுக்காத்து பட்டு மூக்குக்கண்ணாடி மங்கிடுச்சுங்க! இடுக்கிப் பாத்தேன். இனிமே என் மூஞ்சி எப்படி இருக்குன்னு வாய்விட்டே சொல்லிடறேன். நீங்களும் சொல்லுங்க. வாங்க."

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அவர் வரவேண்டிய நாளன்று இவள் நடைக்கும் அறைக்குமாக அலைந்தாள். நேரம் பாதி போனபின் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"எனக்கு உதடு நடுங்குது."

"உங்களுக்கு என்னத்துக்கு?"

"நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "அவன் எப்படி விழுந்தான்னு அம்மாவுக்கு இன்னும் தெரியாது மேடம். தினம் கேக்கறாங்க. சொல்லலாமா?"

இவள் வழக்கம்போல் பேசாமல் காத்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"தொண்டை அடைக்குது எனக்கு" என்றாள். "நீங்க பேசுங்க, இங்கேதான் இருக்கேன்."

அவர் பேசினார்.