ஐயர் வராத ஞாயிறு

போன மாதம் எங்கள் பழைய பாதிரியார் டீன் ஐயருக்கு நினைவு ஆராதனை. பளபளப்பான தாளில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஈப்போவில் குருவானவர், சீமையில் மேற்படிப்பு, கோலாலம்பூர் பேராலயத்துக்கே தலைமைக் குரு. கோப்பெங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அவர் வந்துபோன ஆறு வருஷத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் நான் துக்கத்தில் மூக்கை உறிஞ்சுவதாக நினைத்துக் கைக்குட்டையை நீட்டினாள்.

அந்த அச்சு மை வாசனை வேறு. எண்பதுகளில் நான் ஈப்போ கோயில் ஆபீசில் டைப்பிஸ்ட். ஸ்டென்சில் மை விரலில் ஒட்டினால் மத்தியானச் சோறு வரைக்கும் மணக்கும். அந்த வேலையை வாங்கித் தந்தவரே ஐயர்தான். எழுபதுகளில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமையும் மரம் வெட்டு உண்டு, ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. கடைசி ஆள் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்வரை கோயில் மணியை அடிக்க விடமாட்டார். ரப்பர் பால் நாறும் கைகளில் முகம் சுளிக்காமல் நற்கருணை ரொட்டியை வைப்பார். அவரைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை பாருங்கள்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். பதினோரு கிறிஸ்தவக் குடும்பங்கள், ஆளுக்கொரு திசை. பிரிவதற்கு முன் எல்லாரும் ஒன்றாக முழங்கால் போட்டு நற்கருணை வாங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவர்தான் சபைப் பெரியவர். ஜெபம் நடத்தலாம், நற்கருணை கொடுக்க முடியாது. அதற்குக் குருவானவர் கை வேண்டும். கடைசி ஞாயிறன்று வர முடியுமா என்று என்னை ஐயரிடம் கேட்கச் சொன்னார்.

ஐயர் அப்போதுதான் டீனாக நியமனமாகியிருந்தார். "அன்னிக்கு கே.எல்.ல ரிகர்சல் இருக்கும்மா," என்றார். கோலாலம்பூர் பேராலயத்தில் பதவியேற்பு அன்று எப்படி நடந்து வருவது என்பதற்கு ஒத்திகையாம்! வர இயலாது என்று அழகான இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல, என் அப்பாவுக்கு நானே கடிதத்தை டைப் அடித்தேன். வேறு ஆளை அனுப்பும் பேச்சே அதில் இல்லை.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னம்மா எழுதியிருக்காரு?" என்று என் முகத்தையே பார்த்தார்.

"வாரேன்னு எழுதியிருக்காருப்பா," என்றேன்.

எப்படியாவது ஐயர் மனசை மாற்றிவிடலாம் என்று நினைப்பு. மகா கெட்டிக்காரி! அந்த வாரம் முழுக்க அவர் மேசை முன்னால் போய் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

ஞாயிறன்று எல்லாரும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். ரொட்டிக்கார பாயிடம் வாங்கிய ரொட்டி பீடத்தில் துணி போர்த்தியபடி இருந்தது. பத்து மணி ஆனது, ஒன்று ஆனது. "டயர் பஞ்சர்லா, வந்துருவாரு," என்று பக்கத்து வீட்டு ராயப்பன் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்குச் சாமான் ஏற்றிய லாரி ஹாரன் அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அப்பா துணியை மடித்தார்.

"சொன்ன சொல்லு தவறுற மனுசன் இல்லையேம்மா அவரு," என்றார்.

அதற்குப் பிறகு அப்பா எந்தக் கோயிலிலும் நற்கருணைக்கு எழுந்து போனதில்லை. ஐயர் ஏமாற்றிவிட்டார் என்று நம்பியே செத்துப்போனார். தோட்டத்துக் கோயில் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். அந்தப் பதினோரு குடும்பம் மறுபடி ஒன்றாக முழங்கால் போடவேயில்லை. அன்றைக்குக் காத்திருந்தவர்களில் உண்மையைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்க ஒருவர்கூட இப்போது மிச்சமில்லை.