அப்பா இப்போது செத்திருக்கிறார்

என் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு எங்கள் குடியிருப்பே சிரிக்கிறது. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் போதும், "இன்னைக்கு உன் பொண்ணு என்ன சொன்னா?" என்று மூன்றாம் மாடி அக்கா வாயெல்லாம் பல்லாகக் கேட்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. அந்த இரண்டு வாலுகளுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் படுத்துக் கிடக்கிறாரே, அவரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் இருக்கிறார். பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். பதினான்கு வருடமாக ராத்திரி ஷிப்ட். ஊர் காலையில் தின்கிற ரொட்டியை ஊர் தூங்கும்போதுதானே சுட வேண்டும்! கூட வேலை செய்பவர்கள் அவரை 'ஆந்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். கோபம் என்ற ஒன்றைக் கடவுள் அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டு, அவர் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்.

காலை எட்டு மணிக்கு வீடு வந்து சேருவார். ஒன்பது மணிக்கு நான் கிளம்பிவிடுவேன். பல் டாக்டரிடம் சீட்டு எழுதித் தருகிற வேலை எனக்கு. திரும்பி வர இரண்டரை ஆகும். அதுவரைக்கும் நாலரை வயதுப் பெண்ணும் மூன்று வயதுப் பையனும் அவர் பொறுப்பு. நான் வந்த பிறகு தூங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் வரும் நேரத்துக்குத்தான் பக்கத்து வீட்டுத் தகர வேலைக்காரர் சாப்பிட்டு முடித்துச் சுத்தியலைக் கையில் எடுப்பார். சண்டைக்குப் போனேன். "நான் பொழைக்க வேணாமாம்மா?" என்றார். அதுவும் நியாயம்தான், என்ன செய்ய?

ஆகவே என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகளோடு விளையாடுவார், ஆனால் படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேஷம் எதுவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார். பாலமாகப் படுப்பார், மேலே கார் ஓடும். போர்வையை இழுத்துப் போர்த்திக் கடலாகப் படுப்பார், பையன் கட்டிலில் உட்கார்ந்து மீன் பிடிப்பான். ஒரு நாள் மலையாகப் படுத்தவர் தூக்கத்தில் புரண்டுவிட, "அம்மா, மலை திரும்பிப் படுத்துடுச்சு, ரோடு எல்லாம் சுவர்ப் பக்கம் போயிடுச்சு" என்று பையன் அழுதுகொண்டே என்னிடம் புகார் சொன்னான்.

நோயாளியாகவும் இருப்பார். பெரியவள் டாக்டர். மகளாக இருக்கும்போது அவரை 'நீ' என்பாள், டாக்டர் ஆகிவிட்டால் 'நீங்க'. சீப்பை அவர் வயிற்றில் வைத்துப் பார்த்து, "உங்க வயித்துல ஒரு பஸ் நிக்குது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு. அவர் வந்ததும் சரியாயிடும்" என்பாள். "மருந்து எழுதித் தரணும். எனக்கு எழுதத் தெரியாது. நீங்களே எழுதிக்கோங்க." நோயாளிக்கு இதுதான் கஷ்டம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஊசி போட எழுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் செத்த ராஜா விளையாட்டு வந்தது. ராஜா செத்துப் போவார். நூறு வரை எண்ணி முடித்தால்தான் அவருக்கு உயிர் வரும், அதுவரை யாரும் தொடக் கூடாது, கத்தக் கூடாது. பெரியவளுக்கு எண்ணிக்கை இருபத்தொன்பது வரைதான் வரும். அதற்குப் பிறகு, "இருபத்தி பத்து, இருபத்தி பதினொண்ணு, இருபத்தி பன்னிரண்டு" என்று போய்க்கொண்டே இருப்பாள். நடுவில் தம்பி ஏதாவது கேட்டால் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். நூறு வரவே வராது. ராஜா நிம்மதியாக ஒரு மணி, இரண்டு மணி நேரம் தூங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொறுக்க முடியாமல், "அடியே, இருபத்தொன்பதுக்கு அப்புறம் முப்பதுடி!" என்று கத்திவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து ராஜாவின் கை மட்டும் வெளியே வந்து, வேண்டாம் என்று ஆட்டியது. பிள்ளைக்கு எண்ணத் தெரிந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிற ஒரு தகப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இதெல்லாம் வேடிக்கை என்று அக்காவுக்குச் சொல்லலாம். போன மழைக்காலத்தில் அவர் அடுப்பின் முன்னால் நின்றபடியே கண் அயர்ந்து, சூடான தட்டின் மேல் சாய்ந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோய் வீட்டுக்கு வந்ததை நான் அக்காவிடம் சொல்லவில்லை. "கையோட போச்சு, தப்பிச்சீங்க. அடுத்த தடவை மூஞ்சி" என்றார் கட்டுப் போட்டவர். பகல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி அவர் மூன்று வருடத்தில் மூன்று தரம் மனு எழுதியிருக்கிறார். பொட்டலம் கட்டும் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது, பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான் என்று கடைசியில் காதில் விழுந்தது. நான் அன்றைக்கே திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். ராத்திரி வீட்டில் தூங்கப் போகிற மனுஷனுக்கு வீடு கொஞ்சம் நன்றாக இருக்கட்டுமே என்று தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு சூப்பர்வைசர் போன் செய்திருக்கிறார். "வர்றேன்" என்று ஒரு வார்த்தை என் வீட்டுக்காரர் வாயால் சொன்னால் போதும், பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். போனைப் பெரியவள் எடுத்தாள். அவர்கள் பேசிக்கொண்டதை சூப்பர்வைசரே பிறகு என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னார்.

"பாப்பா, அப்பா கிட்ட குடும்மா."

"அப்பா செத்துட்டாரு."

"என்னம்மா சொல்றே? எப்போ?"

"சாப்பிட்டாரு, பல் தேய்ச்சாரு, செத்துட்டாரு."

"ஐயோ! அம்மா எங்கே?"

"வேலைக்குப் போயிட்டாங்க. பஸ் போயிடும்னு ஓடினாங்க."

"அப்பா பக்கத்துல யாரும்மா இருக்கா?"

"தம்பி இருக்கான். ஈ ஓட்டுறான்."

"அப்பாவைக் கொஞ்சம் ஆட்டிப் பாரும்மா, எழுந்திருக்கிறாரான்னு பாரு."

"தொடக் கூடாது. தொட்டா மறுபடி முதல்லேருந்து சாகணும்."

இந்த இடத்திலாவது உங்களுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். "குழந்தை அதிர்ச்சியில உளறுதுன்னு நெனச்சேன்மா" என்றார். அவர் திரும்பத் திரும்பப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். செத்த வீட்டில் சத்தம் கூடாது என்று போனைச் செருப்புப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள் என் மகள். மணி பன்னிரண்டானது. அழுதுகொண்டே என் வீட்டுக்காரர் பெயரை அடித்துவிட்டு, அடுத்த ஆளின் பெயரை எழுதிப் பட்டியலை அனுப்பிவிட்டார் அந்த மனிதர்.

ஒரு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து மூன்று பேர் பூங்கொத்தோடு வந்தார்கள். கதவைத் திறந்த பெரியவள், "மெதுவா வாங்க, ராஜா செத்திருக்காரு" என்று விரலை வாயில் வைத்துக் காட்டியிருக்கிறாள். உள்ளே கழுத்துவரை வெள்ளைப் போர்வை, மார்பில் கோத்த கைகள், நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்கும் பையன். மாவு பிசையும் பிரிவிலிருந்து வந்தவர் நல்ல ஆகிருதி. அவர் ஓவென்று அலறிய அலறலில் பிணம் எழுந்து உட்கார்ந்தது. அலறியவர் பின்னால் சாய்ந்ததில் எங்கள் நாற்காலி ஒன்று கால் உடைந்தது.

நான் இரண்டரைக்கு வரும்போது மேஜையில் பூங்கொத்து இருந்தது. விஷயத்தை என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அனுப்பிட்டேன்ப்பா, இனிமே மாத்த முடியாதுன்னு சூப்பர்வைசர் போன்ல சொன்னாரே, அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லை சார்னு சொன்னேன்."

"பரவாயில்லையா? யாருக்குப் பரவாயில்லை?"

"கெடச்சவனுக்கும் கைக்குழந்தை இருக்கு. போய்ப் புடுங்கவா சொல்றே?"

அடுத்த பட்டியல் ஒன்றரை வருடம் கழித்து. ஒன்றரை வருடம் அந்த அடுப்பு முன்னால்! கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பெரியவளிடம் திரும்பிக் கையை ஓங்கினேன். அவள் பயப்படக்கூட இல்லை. முகமெல்லாம் பெருமையாக, "அந்த மாமா எத்தனை வாட்டி எழுப்பச் சொன்னாரு தெரியுமாம்மா? நான் எழுப்பவே இல்ல. அப்பா பாவம்" என்றாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பூங்கொத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மறுநாள் எனக்குச் சீட்டு எழுதக் கை ஓடவில்லை. ஒருவர் பெயரை இன்னொருவர் சீட்டில் எழுதி, டாக்டர் வேறு யாரோ ஒருவரின் நல்ல பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். மதியம் பஸ்ஸில் நின்றுகொண்டே சூப்பர்வைசருக்குப் போன் செய்து கெஞ்சினேன். "இடம் காலியானா முதல் போன் உங்களுக்குத்தான்மா" என்றார். அதையே காலையில் என் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறார் போல.

வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலிகள் வரிசையாக ரயிலாக நின்றன. பையன் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. போன் கையில் இருந்தது. காலையிலிருந்து அதை அவர் கீழே வைக்கவே இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்து வீட்டில் சுத்தியல் ஆரம்பித்தது.

பெரியவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அப்பா இன்னைக்கு எவ்வளவு நல்லா விளையாடினாரு தெரியுமா! குதிரையா இருந்தாரு, இன்ஜினா இருந்தாரு, ஓடிப் பிடிச்சாரு. ஒரு தடவைகூட சாகலம்மா!"

சுத்தியல் ஓய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது; ராத்திரி வேலைக்குப் போட வேண்டிய சட்டையை அவர் எழுந்து தேடிக்கொண்டிருந்தார்.